"உடைச்சுப் பாத்தீங்களா, மாஸ்டர்?"

செய்தி வந்தபோது நான் ஒரு கதவுச் சட்டத்துக்குச் சீவுளி போட்டுக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் கொக்கட்டிச்சோலை யோகராசா. அவன் எடுத்தால் முதலில் மழையைக் கதைப்பான், பிறகு மாட்டைக் கதைப்பான், விஷயத்துக்கு வருவதற்குள் என் தேத்தண்ணீர் ஆறிவிடும். அன்று நேராகச் சொன்னான்: "மாஸ்டர், நம்மட மங்கையக்கா போயிட்டா. நான் வெளிக்கிட்டுட்டன். நீங்களும் வாங்க." சீவுளியை அப்படியே வைத்துவிட்டுச் சட்டையை மாட்டினேன். எழுபதைத் தாண்டியவர், நோயும் இருந்தது, எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் பஸ்ஸில் இருந்த நேரம் முழுக்க எனக்கு அழுகை வந்துகொண்டே இருந்தது. அதற்கு நான் வெட்கப்படவும் இல்லை.

மங்கையற்கரசி என்று முழுப்பெயரைச் சொன்னால் உங்களில் பாதிப் பேருக்கு ஆளைத் தெரியாது. லாப் மங்கை என்றால் ஏறாவூரிலிருந்து காத்தான்குடி வரைக்கும் தெரியும். டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ஆய்வுகூட உதவியாளராக இருந்தவர். சண்டைக் காலத்தில் அந்த ஆய்வுகூடத்துக்குள் அகதிச் சனம் வந்து தங்கியபோது, போத்தல்களையெல்லாம் அலுமாரிக்குள் பூட்டிச் சாவியை அதிபரிடம் ஒப்படைத்துவிட்டு, தன்னாமுனையில் ஒரு பாதர் நடத்திய பட்டறைக்கு வேலைக்கு வந்தார். அங்கே நாங்கள் செய்தது ஊன்றுகோல். கால் போனவர்கள் அந்நாளில் அவ்வளவு பேர். நான் அங்கே தச்சு மாஸ்டர்.

செத்த வீட்டுப் பந்தலில் என் கதிரைக்குப் பின்னால் யாரோ இளசுகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். லாப் மங்கை தயிரில் பசை செய்த கதை. அந்தப் பசை விட்டுக் கோல் பிரிந்து ஒரு ஆள் மண்முனைத் துறையில் தண்ணீருக்குள் விழுந்த கதை. சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை, அவரைப் பிடித்தவர்கள் சிரிக்கிற சிரிப்புத்தான். ஆனால் அந்தக் கதையில் ஒரு பிழை இருக்கிறது. அது யாருடைய பிழை என்று தெரிந்த இரண்டு பேரில் ஒருவர் பந்தலுக்கு நடுவில் கிடத்தப்பட்டிருந்தார். மற்றவன் வாயைத் திறக்காமல் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தாங்க என்று அவருடைய மகள் என்னிடம் கேட்டாள். அவள் கேட்டு முடிக்கும் முன்னமே ஓம் என்றேன். அந்தக் கதையைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் முதல் சந்திப்பே சண்டை. எனக்குப் பரம்பரையாகத் தச்சு, எங்கள் பேச்சில் ஓடாவி வேலை. துளையும் கழுந்துமாகப் பூட்டுவதுதான் மரவேலை, பசை என்பது வேலை தெரியாதவன் தன் இடைவெளியை மூடுவதற்கு என்று நம்பி வளர்ந்தவன். ஆனால் அந்தக் காலத்தில் நீளமாக, நேராக மரம் எங்கே கிடைத்தது? காட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. எங்களிடம் வந்ததெல்லாம் நிவாரணச் சாமான் வந்த பெட்டிகளின் மெல்லிய பலகைதான். அதைக் கீலம் கீலமாக அறுத்து, மூன்று கீலத்தை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை பூசி, அச்சில் வளைத்துக் கட்டினால் ஒரு கோலுக்கு வேண்டிய பலம் வரும் என்றார் மங்கையக்கா. பெட்டிப் பலகையை ஒட்டி ஆளைத் தூக்கப் போறீங்களோ என்று நான் நக்கலடித்தேன். அவர் ஒட்டினார். இறுக்குவதற்குக் கருவிகள் போதாமல் பழைய சைக்கிள் டியூப்பை நாடாவாக வெட்டி, விரல் சிவக்க இழுத்து இழுத்துச் சுற்றினார். கட்டிய நேரத்தைச் சோக்கால் மரத்திலேயே எழுதிவைத்தார். மறுநாள் அவிழ்த்த கோலில் என் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கினேன். அது முனகக்கூட இல்லை. எனக்கு மூக்குடைந்ததுதான் மிச்சம்.

அவருடைய வெற்றியும் அதிக நாள் நீடிக்கவில்லை. கடையில் வாங்கிய வெள்ளைப் பசை காய்ந்த இடத்தில் கல்லு. தண்ணீர் பட்டால் பால். எங்களிடம் கோல் வாங்கியவர்களில் பாதிப் பேர் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் வயல் செய்கிறவர்கள். துறையில் இறங்கினால் கணுக்கால் தண்ணீர், வயலில் இறங்கினால் முழங்கால் சேறு. கோல்கள் கீலம் கீலமாகப் பிரிந்து திரும்பி வந்தன. தண்ணீருக்கு நிற்கும் பசைத்தூள் கொழும்பில் இருந்தது. ஆனால் வெள்ளையாகத் தூளாக எதைக் கண்டாலும் வழியில் சென்றியில், ஆமியின் சோதனைச் சாவடியில், வெடிமருந்து என்று பறித்துவிடுவார்கள். பாதர் இரண்டு தரம் கடிதம் எழுதிப் பார்த்துவிட்டுக் கைவிட்டார். அதன் பிறகு ஒரு காலையில் மங்கையக்கா ஒரு முட்டி எருமைத் தயிரோடு பட்டறைக்குள் வந்தார். சாப்பிடத்தானாக்கும் என்று நான் சீனி தேடினேன்.

அந்தத் தயிர் பூரணத்தின் தயிர். பூரணம் கொக்கட்டிச்சோலைப் பக்கம் எருமை வைத்திருந்தவள். வாவியைக் கடக்கும் மிதவைக்கு எங்கள் பக்கம் 'பாதை' என்றுதான் பெயர். அந்தப் பாதையில் ஏறி டவுனுக்குத் தயிர் கொண்டுவருவாள். முட்டிக்குள் வேறு ஏதும் ஒளித்திருக்கிறதா என்று சென்றியில் கம்பியால் குத்திப் பார்ப்பார்கள். கம்பி குத்தின தயிரை யார் தொடுவார்கள்? அந்த முட்டிகள் மங்கையக்காவுக்கு வந்தன. மேலே நின்ற ஆடையை வழித்து எறிந்துவிட்டு, மிச்சத்தைத் துணியில் கட்டிப் புளிப்புப் போகும்வரை அலசிப் பிழிந்து, வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பை அதில் குழைத்தார். கொஞ்ச நேரத்தில் அது தேன் மாதிரி இழுபட்டது. பாலில் உள்ள ஒரு சத்து சுண்ணாம்போடு சேர்ந்தால் இறுகும், இறுகினால் தண்ணீருக்கு இலேசில் விடாது, கொழுப்பு இருந்தால் மட்டும் எல்லாம் பாழ் என்று விளக்கினார். "இது மந்திரம் இல்ல மாஸ்டர். பள்ளிக்கூடத்து விஞ்ஞானம்." ஒட்டிய துண்டு ஒன்றை வாவித் தண்ணீர் வாளிக்குள் இரண்டு நாள் போட்டுவைத்தார். அசையவில்லை. அந்த வாளியைப் பார்க்காத மாதிரி நான் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

சுண்ணாம்பு காத்தான்குடியிலிருந்து வரும், சிப்பி சுட்ட சுண்ணாம்பு. ஒரு தரம் சென்றியில் மங்கையக்காவின் டப்பாவைத் திறந்து, இவ்வளவு சுண்ணாம்பு ஒரு ஆளுக்கு எதற்கு என்று மறித்துவிட்டார்கள். அவர் வெற்றிலை போடுகிறவரே இல்லை. பக்கத்தில் வரிசையில் நின்ற ஒரு பொம்பிளையிடம் வெற்றிலை வாங்கி, சுண்ணாம்பை விரலால் அள்ளிப் பூசி, அவர்களுடைய முகத்துக்கு முன்னாலேயே வாயில் போட்டு மென்றார். டப்பா தப்பியது. வாய் வெந்து போயிற்று. மூன்று நாள் ஆறின கஞ்சியும் சைகையும்தான். அந்த மூன்று நாளும் பட்டறையில் என் சொல்லுக்கு மறுசொல் இல்லை, நான் நன்றாக அனுபவித்தேன். நாலாம் நாள் மூன்று நாளைய பாக்கியையும் சேர்த்து எனக்குப் பேச்சு விழுந்தது.

இனி, அவருடைய ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். அது தெரியாமல் மீதி விளங்காது. ஒவ்வொரு முறையும் ஒட்டி முடித்துக் காய்ந்த கோல்களில் ஒன்றை எடுத்து உடைப்பார். ஒட்டின கோட்டில் உளியை வைத்துக் கொட்டாப்புளியால் ஒரே அடி. பிளந்த முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். மரம் நார் நாராகக் கிழிந்திருந்தால் முகத்தில் சிரிப்பு வரும். பசைக் கோட்டிலேயே வழுவழுவென்று பிரிந்திருந்தால் தயிர் அலசுவதிலிருந்து எல்லாம் திரும்பத் தொடங்கும். "மரம் கிழிஞ்சா சரி, பசை விட்டாப் பிழை" என்பார். நான் இழைத்து, வளைத்து, மெருகு பிடித்த கோலை என் கண்முன்னே உடைப்பதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும். ஏதாவது வேலை இருக்கிற மாதிரி வெளியே போய் நிற்பேன். ஒரு நாள் பொறுக்கமுடியாமல் கேட்டேன், கால் இல்லாத ஒரு ஆள் இந்தக் கோலுக்காகக் காத்திருக்கிறான், அதை உடைக்கிறீர்களே என்று. "ஒரு ஆள் ரெண்டு கிழமை காத்திருக்கலாம் மாஸ்டர். ஆறு பேர் விழக்கூடாது," என்றார்.

யோகராசா அந்த ஆண்டில்தான் எங்களிடம் வந்தான். மிதிவெடியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போனவன். அவனைக் கூட்டிவந்தது பூரணம், இருவரும் ஒரே ஊர். மற்றவர்கள் கோலைக் கேட்பார்கள். அவன் நாளைக் கேட்டான். மாரி விதைப்புக்கு முன்னம் தன்னுடைய வட்டைக்குள் இறங்கி நிற்கவேண்டும் என்றான். வயல் வெளிக்கு அங்கே வட்டை என்று பெயர். கட்டிலில் இருந்துகொண்டு மற்றவன் தன் நிலத்தில் விதைப்பதைக் கேட்டுக்கொண்டிருக்க ஏலாது என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுடைய பெயரைப் பட்டியலில் எழுதியது நான். ஆறு பேருக்கு ஆறு சோடி, அவன் ஆறாவது.

அதற்குள் எங்களுக்குக் கம்பி குத்தின தயிர் போதாமல் போயிருந்தது. பாலைக் காய்ச்சி ஆடையை எடுத்துவிட்டு உறைய வைத்த தயிராகவே கொண்டுவரும்படி மங்கையக்கா பூரணத்திடம் சொல்லியிருந்தார். சில கிழமை ஒழுங்காக வந்தது. அந்த ஆறு சோடி ஒட்டவேண்டிய கிழமையில் டவுனில் சுற்றிவளைப்பு. மங்கையக்கா வீட்டை விட்டு வெளிக்கிட முடியவில்லை. அவர் சுவரில் ஒட்டிவைத்திருந்த அளவுத்தாளைப் பார்த்து நானே பசை குழைத்தேன். பசை என்றால் அப்படி ஒரு மினுக்கம். கைக்கு வழுக்கிக்கொண்டு, வாசமாக, அழகாக இருந்தது. பார்த்தாயா, ஓடாவி கைபட்டால் தயிரும் கேட்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பன்னிரண்டு கோலும் என் வாழ்நாளில் நான் செய்த மரவேலையிலேயே நல்லதென்று இன்றைக்கும் சொல்வேன். கண்ணுக்கு.

காய்ந்தபின் உளியைக் கையில் எடுத்தேன். எடுத்தது உண்மை. பன்னிரண்டையும் வரிசையாகச் சாத்திவைத்துப் பார்த்தேன். இதில் ஒன்றை உடைத்தால் யோகராசாவுக்குக் கோல் இல்லை, அவன் விதைப்புக்குப் போகமுடியாது என்று நினைத்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொன்னேன். இரக்கம் என்று பெயர் வைத்தேன். உள்ளே இருந்தது இரக்கம் கொஞ்சம், என் கைவேலையின்மேல் எனக்கிருந்த காதல் மிச்சம். உளியைத் திரும்ப வைத்துவிட்டு ஆறு பேருக்கும் ஆள் அனுப்பினேன்.

யோகராசா அடுத்த நாளே அந்தக் கோல்களில் ஊருக்குப் போனான். மண்முனையில் பாதையிலிருந்து இறங்கி, இரண்டு எட்டுத் தண்ணீருக்குள் வைத்தான். வலது பக்கக் கோல் மூன்று கீலமாக விரிந்தது. ஆள் விழுந்து, வெட்டின காலின் தையல் கல்லில் அடிபட்டுப் பிரிந்து, ஒரு மாசத்துக்கு மேல் ஆஸ்பத்திரி. அந்த மாரிக்கு அவனுடைய வட்டையில் மைத்துனன்தான் விதைத்தான். மற்ற ஐந்து சோடியையும் பாதர் ஆளனுப்பித் திருப்பி எடுத்தார். நல்ல காலம், வேறு யாரும் விழவில்லை. நான் பட்டறை நடுவில் நின்று, பாதருக்கும் வேலையாட்களுக்கும் கேட்கும்படி, தயிரை நம்பினால் இதுதான் நடக்கும், ஆய்வுகூடம் வேறு தச்சு வேறு என்று கத்தினேன். பயந்தவன்தான் அப்படிக் கத்துவான். எனக்குப் பயமாக இருந்தது.

சுற்றிவளைப்பு முடிந்த அன்று காலையில் மங்கையக்கா வந்தார். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அங்கே நின்றபடி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"உடைச்சுப் பாத்தீங்களா, மாஸ்டர்?"

"ஓம்," என்றேன்.

அவர் உள்ளே வந்து, திரும்பிவந்த கோல்களில் ஒன்றை எடுத்தார். உளியை வைத்தார். கொட்டாப்புளிக்கு வேலையே இருக்கவில்லை. உளி தொட்டதும் வாழைப்பழத் தோல் மாதிரிக் கழன்று வந்தது. ஒரு நார்கூடக் கிழியவில்லை. பிரிந்த முகத்தில் விரலை வைத்துத் தேய்த்து மோந்து பார்த்தார். "நெய் மணக்குது," என்றார். அப்படியே திரும்பி என்னைப் பார்த்தார். ஒன்றையாவது உடைத்துப் பார்த்தவனுக்கு இது தெரியாமல் போயிருக்க முடியாது. அது அவருக்கும் தெரியும், அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். நான் தரையைப் பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் மானம் அன்றைக்கே போயிருக்கும், நானும் அத்தோடு பட்டறையை விட்டுப் போயிருப்பேன்.

நெய் எங்கிருந்து வந்தது என்பது அடுத்த நாள் பூரணம் வந்ததும் வெளிப்பட்டது. அவள் மறைக்கவும் இல்லை. தன்னுடைய ஊர்ப் பிள்ளை யோகராசாவின் கோலுக்கு என்று தெரிந்ததும், வழித்தெடுத்த ஆடையைத் திரும்பப் பாலில் கலக்கி உறைய வைத்திருக்கிறாள். மேலே படையாமல் கடைந்து கலந்ததால் பார்வைக்கும் தெரியவில்லை. "கால் போன புள்ளைக்கு ஆடை எடுத்த தயிரையா குடுப்பன்? எனக்கு மனம் கேக்கல்லகா," என்றாள். ஆடை இல்லாத தயிரை ஒருவருக்குக் கொடுப்பது அவர்களிடத்தில் அவமரியாதை. விஷயம் விளங்கியதும் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். மங்கையக்கா அவளைப் பிடித்து உட்காரவைத்து, அழுதபடி சிரித்தார். "உன்ட தயிர் நல்ல தயிர் பூரணம். சாப்பிட நல்ல தயிர்," என்றார். அடுத்த நாளிலிருந்து பூரணம் இரண்டு முட்டி கொண்டுவந்தாள். ஒன்று மரத்துக்கு, ஆடை இல்லாமல். மற்றது எங்களுக்கு, விரல் கனத்துக்கு ஆடையோடு. யாரையும் கையை வெறுமையாக வைத்துக்கொண்டு பார்க்க அவளால் முடியவில்லை.

அந்த வாரம் புதிதாக ஒட்டிக் காய்ந்த கோல்களை வரிசையாகச் சாத்திவிட்டு, மங்கையக்கா உளியையும் கொட்டாப்புளியையும் கொண்டுவந்து என் கையில் தந்தார். "இனி உடைக்கிறது உங்கட வேலை," என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு சொல் இல்லை, என்றைக்கும் இல்லை. அன்று முதன்முதலாக என் கையால் செய்த கோலை என் கையாலேயே பிளந்தேன். மரம் கிழிந்தது. நார் நாராக, பசைக்கு இரண்டு பக்கமும் கிழிந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த நிம்மதியை என்ன சொல்ல! அதுவரை நான் செய்த எந்த வேலையையும் அவ்வளவு நம்பியதில்லை. அந்தப் பட்டறை மூடும்வரை எங்கள் கோல் ஒன்றுகூட விடவில்லை. இதை நான் தலைநிமிர்ந்து சொல்வேன், அவருக்காகவும் சேர்த்து.

யோகராசாவின் புதுச் சோடியை மங்கையக்கா தானே எடுத்துக்கொண்டு வாவியைக் கடந்து போனார். நானும் வாறன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். அங்கே அவனிடம் என்ன கதைத்தார் என்று நான் கேட்கவில்லை. அடுத்த மாரிக்கு அவன் தன்னுடைய வட்டைக்குள் இறங்கி, இரண்டு கோலையும் சேற்றில் ஊன்றி நின்று விதைத்தான் என்று பூரணம் வந்து சொன்னாள். ஒரு கையால் விதைத்தானாம், மற்றக் கை கோலில்.

இப்போது அவனுக்குச் செயற்கைக் கால் இருக்கிறது, மோட்டார் சைக்கிள்கூட ஓடுகிறான். ஆனால் செத்த வீட்டுக்கு அவன் வந்தது அந்தப் பழைய சோடியில். கைபட்ட இடமெல்லாம் கறுத்து மினுங்குகிறது. ஒரு கீலமும் விடவில்லை. கோல்களைச் சுவரில் சாத்திவிட்டு என் பக்கத்துக் கதிரையில் இருந்தான். பின்னால் அந்தக் கதை ஓடிக்கொண்டிருந்தது, சிரிப்பும் கேட்டது. அவனுக்கு அது பிடிக்கவில்லை. என் காதருகே குனிந்து சொன்னான்: "பாவம் மாஸ்டர் அவ. அண்டைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து என்ட கையப் பிடிச்சு அழுதவ. பிழை என்னுடையது தம்பி, நான்தான் உடைச்சுப் பாக்காம விட்டனான் எண்டு. நான் அண்டைக்கே மன்னிச்சிட்டன்."

நான் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கதிரைக்குக் கீழே வைத்தேன். இருபது வருசத்துக்கு மேல் யோகராசா மங்கையக்காவை மன்னித்துக்கொண்டிருந்திருக்கிறான். நான் அவனுடைய வீட்டில் சோறு தின்றிருக்கிறேன், அவனுடைய மகளின் கலியாணத்துக்குக் கட்டில் செய்து கொடுத்திருக்கிறேன். எனக்குச் சேரவேண்டிய மன்னிப்பை அவன் அவருக்குக் கொடுத்திருந்தான் என்று எனக்கு ஒரு நாளும் தெரியாது.

மங்கையக்காவின் பொருள் என்று என்னிடம் இருப்பது அந்த உளி. தீட்டித் தீட்டி அரைவாசியாகிவிட்டது. இன்றைக்கும் பட்டறையில் எதை ஒட்டினாலும் ஒன்றை உடைக்காமல் வெளியே விடுவதில்லை. பலகை வீணாகிறதென்று என் மகன் முணுமுணுப்பான். முணுமுணுக்கட்டும். ஊன்றுகோல் செய்த அத்தனை வருசத்திலும் அவர் எனக்கு விட்டுப்போனது இந்த வழக்கம்தான். அதை நான் கைவிடமாட்டேன்.

மண்முனைத் துறையில் விட்டது லாப் மங்கையின் பசை இல்லை. அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் இனிமேல் என் பெயரைப் போட்டுச் சொல்லுங்கள். யோகராசா, இதை உனக்கு யாரும் வாசித்துக் காட்டவேண்டாம், நானே கொண்டுவந்து வாசிக்கிறேன். நீ மன்னிப்பதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு யோசி. அதற்கு முன்னம் ஒன்று மிச்சமிருக்கிறது. செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்று அவர் கேட்ட கேள்விக்கு நான் பொய்தான் சொல்லியிருக்கிறேன். உங்கள் எல்லோருக்கும் முன்னால் இப்போது பதில் சொல்கிறேன்.

இல்லை அக்கா. நான் உடைச்சுப் பாக்கல்ல.